வண்டிக்கும் அக்கம்பக்கம் விசாரித்த அக்கா

அந்த அக்காவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால், இதை எழுதினது யார், எதுக்கு எழுதினான், எழுதச் சொன்னது யார், அவன் அம்மா எந்த ஊர் என்று அத்தனையும் விசாரித்துக்கொண்டு புங்கோலிலிருந்து பஸ் ஏறி வந்து நின்றுவிடுவாள். இப்போது அங்கே மகளோடு இருக்கிறாள். அதற்கு முன்பு சிங்கப்பூரின் வடகோடியில், செம்பவாங்கில், எங்கள் ப்ளாக்கின் ஐந்தாவது மாடியில், எனக்கு அடுத்த வீட்டில் ஒன்பது வருடம் இருந்தாள். ஒன்பது வருடமும் நான் அவளுக்குத் தம்பி, அவள் எனக்கு அக்கா. அதற்கு மேல் உறவில்லை. ஆனால் என் தாத்தா கப்பல் பட்டறையில் எந்த வேலை பார்த்தார், எந்த மேலதிகாரியோடு சண்டை போட்டார் என்பது எனக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு அதிகம் தெரியும்.

குள்ளமான உருவம். தோளில் ஒரு பெரிய பை. வெயிலோ மழையோ கையில் குடை. தேக்காவில் ஒரு புடவைக் கடையில் வேலை. ப்ளவுஸ் துணியை அளந்து கிழித்துக் கொடுக்கிற இடத்தில் நிற்பாள். ஒரு மீட்டர் துணியை அளந்து முடிப்பதற்குள் எதிரே நிற்கிறவளின் மூன்று தலைமுறையையும் அளந்துவிடுவாள். யார் வீட்டுக் கல்யாணம், மாப்பிள்ளைக்கு என்ன வேலை, அவன் முதலாளி எப்படி. கேட்டால், "ஒரு வார்த்தை விசாரிச்சா வாய் என்ன தேஞ்சா போயிடும்?" என்பாள். இதை அவள் வாயிலிருந்து ஆயிரம் தடவையாவது கேட்டிருப்பேன்.

விசாரிக்கிறது என்றால் நம் ஆட்களுக்குத் தெரியும். பெண் கொடுப்பதற்கு முன்னால், பையன் வீட்டுக்குத் தெரியாமல் அவன் ப்ளாக்குக்குப் போய், கீழே காப்பிக் கடையில் ஒரு தே, அதுதான் டீ, வாங்கிக் குடித்துக்கொண்டே, "மேல ஏழாவது மாடிப் பையன் ஆள் எப்படி?" என்று கேட்டுவிட்டு வருவார்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. கல்யாணத்துக்கு மட்டும் செய்கிற இந்தக் காரியத்தை அக்கா எல்லாவற்றுக்கும் செய்தாள்.

மீனுக்குச் செய்தாள். மார்க்கெட்டில் முதலில் மீனைப் பார்க்க மாட்டாள். பக்கத்துக் கடைக்காரனிடம் போய், அந்தக் கடை மீன் எப்படி என்று கேட்பாள். "போட்டிக்காரன்கிட்டப் போய்க் கேட்டா அவன் எப்படிக்கா நல்லதாச் சொல்லுவான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லதாச் சொல்ல வேணாம் தம்பி. எவ்வளவு திட்டுறான்னு பாக்கணும். ரொம்பத் திட்டினான்னா வயித்தெரிச்சல்ல திட்டுறான், அப்ப மீன் நல்ல மீன். ஒண்ணும் சொல்லாம சிரிச்சான்னா நம்மளப் பாத்துப் பாவப்படுறான்னு அர்த்தம்."

ஒருநாள் அவள் வழக்கமாக வாங்குகிற சீன மீன்காரருக்கே பொறுமை போய்விட்டது. "ஆன்ட்டி, மீனை நீ திங்கப் போறியா, கட்டிக்கப் போறியா?" என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். அக்கா அசரவில்லை. "ரெண்டும் வீட்டுக்குள்ள வர்ற விஷயம்தானே லா" என்று தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு, ஒரு தெங்கிரி மீனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, தலையை ஆட்டினார்.

அவள் கல்யாணமே இப்படி ஒரு விசாரணையில் நடந்ததுதான். வரன் வந்திருக்கிறது என்று வீட்டில் போட்டோவைக் காட்டியிருக்கிறார்கள். கனத்த மீசை. பெண் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால் இவளே சித்தி மகளைக் கூட்டிக்கொண்டு அவர் ப்ளாக்குக்குப் போயிருக்கிறாள். காப்பிக் கடையில் தனியாக உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒரு மழுமழு முகத்து ஆளிடம், பத்தாவது மாடியில் இருக்கிற இன்னார் எப்படி என்று கேட்டிருக்கிறாள். அந்த ஆள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "பரவாயில்ல. காசு கையில நிக்காது. கோவம் வந்தா நாலு நாளைக்குப் பேச மாட்டான். மத்தபடி கெட்டவன் இல்ல" என்றாராம். இரண்டு நாள் கழித்து காப்பித் தட்டோடு கூடத்துக்கு வந்தவள் நிமிர்ந்து பார்த்தால், அந்த மழுமழு முகம்தான் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. புது வேலைக்காக முந்தின வாரம்தான் மீசையை எடுத்திருக்கிறார்.

"அப்புறம் என்னக்கா பண்ணினீங்க?"

"என்ன பண்றது. சரின்னுட்டேன். தன்னைப் பத்தியே இவ்வளவு உண்மை சொல்றவன் வேற எங்க கிடைப்பான்?"

அந்த மனிதர் அதற்கப்புறம் வாயைத் திறந்து நான் பார்த்ததில்லை. சொல்ல வேண்டியதையெல்லாம் அன்றைக்கே சொல்லிவிட்டார் போல.

இவளுக்கு ஏன் இந்தக் குணம் என்று நானும் குடைந்து பார்த்தேன். சின்ன வயதில் ஏமாந்திருப்பாள், யாராவது கூடப் பிறந்தவளுக்கு வாழ்க்கை கெட்டிருக்கும் என்றெல்லாம் நினைத்தேன். ஒரு மண்ணும் இல்லை. சுகமாக வளர்ந்தவள். பிறவிக் குணம், அவ்வளவுதான்.

நான் இதற்கு நேர் எதிர். யாரையும் எதையும் கேட்க மாட்டேன். சிரித்துப் பேசினால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

அப்போது நான் கப்பல் பட்டறை வேலையை விட்டுவிட்டு சவுண்ட் செட் வைத்திருந்தேன். வளைகாப்பு, பிறந்தநாள், கோயில் விசேஷம் என்று கூப்பிடுகிற இடத்துக்கெல்லாம் ஸ்பீக்கரும் மைக்கும் கொண்டுபோய்க் கட்டுவேன். அதற்காக ஒரு கார் வாங்கினேன். கண்ணாடி மாதிரி மின்னிற்று. மீட்டர் நாற்பதாயிரம் கிலோமீட்டர் காட்டிற்று. விற்றவன் என்னை "பாஸ்" என்று கூப்பிட்டான். எனக்கு அது போதாதா? நானும் மனைவியும் சேர்த்து வைத்திருந்ததை வழித்துக் கொடுத்துவிட்டேன். நாலே மாதத்தில் அது எக்ஸ்பிரஸ்வேயில் நடுவழியில் நின்றது. பிரித்துப் பார்த்த மெக்கானிக், மீட்டரைத் திருப்பி வைத்திருக்கிறார்கள் என்றும், இஞ்சினுக்கு மரியாதையாகக் காரியம் செய்துவிடு என்றும் சொன்னார்.

என் மனைவி பாலர் பள்ளியில் ஆசிரியை. வண்டி போனதற்கு அவள் ஒரு சொல் சொல்லவில்லை. "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள். கேட்கவில்லை. வேலையை விட்டபோதும் கேட்கவில்லை. ஸ்பீக்கர் வாங்கினபோதும் கேட்கவில்லை. மறுநாள் மகளைக் கூட்டிக்கொண்டு கேலாங்கில் இருக்கிற அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது, "ஒரே ஒரு காரியத்தை முறையா செஞ்சு காட்டுங்க. அப்புறம் வர்றதப் பத்திப் பேசலாம்" என்றாள். அவள் போனபின் வீட்டில் நானும் என் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கரும் மூன்று மாதம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகை வரும். அடுத்த வீட்டில் விசாரிப்பார்களே என்று பயந்து அழவில்லை.

முறையாகச் செய்ய எனக்கு இருந்த காரியம் ஒன்றுதான். வண்டி. ஒவ்வொரு விசேஷத்துக்கும் வேனை வாடகைக்கு எடுத்து மாளவில்லை. பின்னால் ஸ்பீக்கரும் போகவேண்டும், முன்னால் குடும்பமும் உட்காரவேண்டும் என்றால் ஸ்டேஷன் வேகன்தான். கையில் இருந்ததற்குப் பழசு மட்டும்தான் கிடைக்கும். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் அவள் வரமாட்டாள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

அக்காவை நான் கூப்பிடவில்லை. லிஃப்டில் போனில் யாரிடமோ "ஸ்டேஷன் வேகன்" என்று சொன்னேன், அவ்வளவுதான். மறுநாள் காலை குடையோடு என் வாசலில் நின்றாள். "கிளம்பு. இன்னைக்கு எனக்கு ஆஃப்."

ஜாலான் புசார் பக்கம் ஒரு வியாபாரி. தமிழ்ப் பையன்தான், கழுத்துப்பட்டை கட்டியிருந்தான். ஒரு வெள்ளை வேகனைக் காட்டி, "ஒன் ஓனர் ஆன்ட்டி. லேடி ட்ரைவர். வெரி கேர்ஃபுல்" என்றான்.

"அந்தப் பொண்ணு ஏன் விட்டுட்டுப் போச்சு?" என்றாள் அக்கா.

"அப்கிரேட் பண்ணிட்டாங்க ஆன்ட்டி."

"இதுல என்ன குறை கண்டுச்சு?"

"குறை இல்ல ஆன்ட்டி, நியூ மாடல் வேணும்னு..."

"குறை இல்லாம ஒருத்தி விட்டுட்டுப் போவாளா? போறவ எல்லாம் ஏதோ ஒரு குறை கண்டுதான் போவா" என்றாள். சொல்லும்போது என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்குக் காது சூடாகிவிட்டது.

பையன் அவள் பார்வையிலிருந்து தப்பித்துச் சாவி எடுக்க உள்ளே போனான். அதற்குள் அக்கா முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த பழைய கார் நிறுத்த ஸ்டிக்கரைப் படித்துவிட்டாள். அதில் ஒரு தனியார் கொண்டோமினிய அடுக்குமாடியின் பெயர் இருந்தது. "வா" என்றாள். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் இரண்டு பஸ் மாறி அங்கே போனோம். வாசலில் காவலாளி விடவில்லை. அக்கா காவலாளியையே விசாரித்தாள். அவர் கார் நிறுத்துமிடம் கூட்டுகிற வங்காளதேசத்துத் தம்பியைக் கூப்பிட்டார். அந்தத் தம்பி வாளியைக் கீழே வைத்துவிட்டு, அரைத் தமிழில், "வண்டி நல்லா. உள்ள ஆளு ரொம்பக் கத்துது. புருஷன் கத்துது, பொம்பளை கத்துது, பாப்பா கத்துது" என்றான்.

"வேணாம்" என்றாள் அக்கா.

"அக்கா, வண்டி நல்லாருக்குன்னுதானே சொன்னாரு?"

"கத்துற குடும்பத்துல வளந்த வண்டி. பிரேக்கை எல்லாம் கோவத்துல மிதிச்சிருப்பாங்க. உன் வீட்டுல இருக்கிற சத்தம் போதாதா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் குடையைப் பிடுங்கி உடைத்திருப்பேன். ஆனால் பிரேக் விஷயம் யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. அவள் சொல்வதில் இதுதான் தொல்லை. பைத்தியக்காரத்தனம் என்று முடிவு கட்டும்போது நடுவில் ஒன்று சரியாக இருந்துவிடும். அடுத்து பார்த்தது ஒரு கம்பெனி வண்டி. ஆளாளுக்கு ஓட்டியிருப்பான், யாரைப் போய் விசாரிப்பது என்று அதையும் தள்ளினாள். அதற்கடுத்து ஒன்றைப் பார்க்க நான் கூட்டிப் போன மெக்கானிக்கை விசாரித்து, அவர் மச்சான் கார் வியாபாரி என்று கண்டுபிடித்து, அவரையே தள்ளிவிட்டு வேறு மெக்கானிக் கொண்டுவந்தாள்.

ஐந்து வாரம் இப்படிப் போனது. ஆறாவது வாரம் கிடைத்தது அந்த நீல வேகன்.

இங்கே வண்டிக்குப் பத்து வருடம்தான் ஆயுசு. அதற்கு மேல் வைத்திருக்க வேண்டுமானால் சிஓஇ என்கிற உரிமைச் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். அந்த நீல வேகனுக்கு அப்படிப் புதுப்பித்து இன்னும் மூன்று வருடம் மிச்சமிருந்தது. சொந்தக்காரரே விற்கிறார். யாழ்ப்பாணத்து வழி வந்தவர், ஓய்வு பெற்ற அரசாங்க கிளார்க், சிராங்கூன் கார்டன்ஸ் பக்கம் வீடு. மனைவி இறந்து ஒரு வருடம். பிள்ளைகள் வெளிநாட்டில். வாங்கின நாளிலிருந்து எண்ணெய் மாற்றினது, டைமிங் பெல்ட் மாற்றினது எல்லாவற்றையும் தேதி வாரியாகக் கோப்பில் கோத்து வைத்திருந்தார். எங்கள் புது மெக்கானிக் அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, துரு இல்லை, ஒரு இடத்தில் எண்ணெய் கசிவு, சின்ன வேலை என்றார். நான் மீட்டரை எட்டிப் பார்த்தேன். மூன்று லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர். வேண்டாம் என்று அக்காவுக்குக் கண்ணைக் காட்டினேன்.

அக்காவுக்கு முகம் மலர்ந்தது. பையை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு கேட்டாள். "அங்கிள், ஊரே இத்துனூண்டு. மூணு லட்சம் ஓட இங்க எங்க இடம்?"

அவர் சிரித்தார். "என்ரை மனுசி மலேசியாவிலை தைப்பிங் ஆள், பிள்ளை. மாதத்துக்கு ஒருக்கா தாய் தகப்பனைப் பாக்கக் கூட்டிக்கொண்டு போவன். பதிமூண்டு வருசம். அதுகள் செத்தாப் பிறகும் அந்த வீட்டைப் பாக்கவெண்டு போனனாங்கள்."

அக்கா என்னைத் தனியாக மாமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "முடிச்சுடு. மாமியார் வீட்டுக்கு ஓடின வண்டி. பொண்டாட்டி பக்கத்துல இருந்தா எவனும் வேகமா ஓட்ட மாட்டான், பள்ளத்துல விட மாட்டான். இதைவிட நல்ல வண்டி உனக்குக் கிடைக்காது." பிறகு கொஞ்சம் நிறுத்தி, "கேலாங் பத்தொன்பது கிலோமீட்டர்தான்" என்றாள். அந்த மூன்று மாதத்தில் நான் ஒரு தடவைகூட அங்கே போகவில்லை என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்குமா?

நாங்கள் திரும்பி வந்து, எடுத்துக்கொள்கிறோம் என்றோம். அங்கிள் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"அது சரி தம்பி. நானும் ஒருக்கா விசாரிக்க வேணுமெல்லோ. பிள்ளையள் வளர்ந்த வண்டி. குடும்பமா இருக்கிற வீட்டுக்குத்தான் குடுப்பன். உங்கட வீட்டில ஆர் ஆர்?"

"நான், வைஃப், மகள் அங்கிள். எல்லாரும் ஒண்ணாத்தான் இருக்கோம்" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார். ரயிலில் வரும்போதுதான் அக்கா கேட்டாள். "அவரு என்கிட்ட வந்து கேட்டா நான் என்ன சொல்றது?"

"அவரு எங்கக்கா செம்பவாங் வரைக்கும் வரப் போறாரு."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்துவிட்டார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ஒரு கோப்பு. ஐந்தாவது மாடியிலிருந்து குனிந்து பார்க்கிறேன், கீழே காப்பிக் கடையில் தே வாங்கி வைத்துக்கொண்டு தே கலக்குகிறவரிடம் பேசுகிறார். பிறகு ப்ளாக்கின் கீழ்த்தளத் திறந்தவெளியில், வாய்ட் டெக்கில், உட்கார்ந்திருந்த மலாய்ப் பெரியவரிடம் பேசுகிறார். பிறகு காய்கறிக்காரி. எல்லாரும் மேலே கையைக் காட்டுகிறார்கள். எதற்கு என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. எங்கள் ப்ளாக்கில் எதைப் பற்றி யார் கேட்டாலும் ஒரே பதில்தான், ஐந்தாவது மாடி அக்காவைக் கேளுங்கள்.

அவள் வீட்டு ஜன்னலும் என் வீட்டு ஜன்னலும் ஒரே நடைபாதையைப் பார்த்து இருக்கின்றன. நான் விளக்கை அணைத்துவிட்டு ஜன்னல் ஓரம் தரையில் உட்கார்ந்துகொண்டேன். முப்பத்தெட்டு வயதில் செய்கிற காரியமா அது?

"நீங்களோ?" என்றார் அங்கிள். "நீங்கள் அண்டைக்குத் தம்பியோடை வந்தனீங்களெல்லோ?"

"வாங்க, உக்காருங்க. அன்னைக்கு நான் வாங்குற வீட்டு ஆளு. இன்னைக்கு அக்கம்பக்கம். நீங்க விசாரிக்கலாம்."

அவர் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. குடும்பம் எப்படி என்று ஆரம்பித்தார்.

"பொண்டாட்டி வீட்டுல இல்ல. மூணு மாசமா கேலாங்ல அம்மா வீட்டுல இருக்கா, பிள்ளையும் அங்கதான். தப்பு இவன் பேர்ல. யாரையும் எதையும் கேக்க மாட்டான், அதான் தப்பு."

"ஓ. வண்டி எப்பிடி ஓட்டுவார்?"

"நல்லாத்தான் ஓட்டுவான். நிறுத்தும்போது கீழ தூண்ல ரெண்டு தடவை இடிச்சிருக்கான். சவுண்ட் செட்டை வீட்டுக்குள்ள போட்டுப் பாப்பான். டவுன் கவுன்சிலுக்கு நான்தான் ரெண்டு தடவை கம்ப்ளெயின்ட் எழுதினேன்."

இரண்டு வருடமாக அந்தப் புகாரை எழுதினது நாலாவது மாடிக்காரர் என்று நினைத்து நான் அவரோடு பேசாமல் இருந்தேன்.

"நல்லது ஒண்டும் இல்லையோ?" என்றார் அங்கிள், பாவம்.

"இருக்கே" என்றாள் அக்கா. "லிஃப்ட்ல யாராவது வர்றாங்கன்னா கதவைப் பிடிச்சுட்டு நிப்பான். அவசரமா இருந்தாலும் நிப்பான். அப்புறம், பொய் சொல்லத் தெரியாது. உங்ககிட்டச் சொன்னதுதான் நான் பாத்து முதல் பொய். அதையும் மூஞ்சியக் கோணிக்கிட்டுத்தான் சொன்னான்."

அவர் போனதும் நான் அவள் கதவை இடித்தேன். என்னென்னவோ கத்தினேன். என் குடும்பத்தைக் குலைத்துவிட்டீர்கள் என்றேன், உங்களை எவன் கூப்பிட்டான் என்றேன். அவள் வீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றிக்கொண்டார். அக்கா நான் முடிக்கும்வரை நின்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"விசாரிக்க வந்தவர்கிட்ட நான் பொய் சொன்னா, நாளைக்கு நான் போய்க் கேக்கும்போது எனக்கு யாரு தம்பி உண்மை சொல்லுவா?" என்றாள்.

நான் திரும்பி வந்து என் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் அங்கிள் போன் செய்தார். வண்டியைத் தரமாட்டேன் என்று சொல்லவில்லை. "இவ்வளவு குறை சொல்லுற அயலட்டையை நான் காணேல்லை. எல்லாரும் நல்லவர் எண்டால்தான் பயப்படவேணும். ஆனா உங்கட மனுசியைக் காணாமக் குடுக்க மாட்டன். சனிக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார்.

சனிக்கிழமை காலை கேலாங்குக்குப் போனேன். மாமியார் கதவைத் திறந்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு உள் அறைக்குப் போய்விட்டார். என் மனைவி கூடத்தில் நின்றாள். உட்காரச் சொல்லவில்லை.

"உன்னைப் பாக்கணும்னு ஒருத்தர் சொல்றாரு" என்றேன்.

"யாரு?"

"வண்டி விக்கிறவரு."

"தைப்பிங் வண்டிதானே? அக்கா சொன்னாங்க." வாரா வாரம் போனில் சொல்லியிருக்கிறாள். மூன்று வண்டியைத் தள்ளினது முதல் நான் தரையில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டது வரை இவளுக்குத் தெரிந்திருந்தது. "என்னை எதுக்குப் பாக்கணுமாம்?"

"நான் எப்படின்னு உன்கிட்டக் கேக்கணுமாம்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லலாமா?"

"சொல்லு."

"அஞ்சு நிமிஷம் இருங்க, சேலை மாத்திட்டு வந்துடுறேன்" என்று உள்ளே போனாள். அந்த வேகத்தைப் பார்த்து நான் வாசல் பக்கமாக நகர்ந்து நின்றேன். மகள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "அப்பா, கார் என்ன கலர்?" என்றாள். நீலம் என்றேன். கதவு மூடிக்கொண்டது.

அங்கிள் வீட்டுக்கு நாங்கள் போனபோது அக்கா எங்களுக்கு முன்னாலேயே வந்து வேகனின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. அங்கிள் என்னை ஓட்டுகிற இடத்திலும் என் மனைவியைப் பக்கத்திலும் உட்காரச் சொன்னார். அது அவர் மனைவி உட்கார்ந்த இடம். அவர் பின்னால் அக்காவுக்குப் பக்கத்தில் ஏறிக் கதவைச் சாத்தினார். வண்டிக்குள் பழைய நல்லெண்ணெய் வாசனையோ திருநீற்று வாசனையோ, ஏதோ ஒன்று இருந்தது.

"பிள்ளை, நான் சுத்தி வளைக்காமக் கேக்கிறன்" என்றார் அங்கிள். "இவரை நம்பி இந்த வண்டியைக் குடுக்கலாமோ?"

என் மனைவி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன், பிடித்த இடம் வியர்வையில் வழுக்கியது. பன்னிரண்டு வருடம் என்னோடு இருந்தவள். அக்கா சொன்னதெல்லாம் சுண்டைக்காய், இவள் சொல்ல ஆரம்பித்தால் சாயங்காலம் ஆகிவிடும்.

"குடுக்காதீங்க அங்கிள்" என்றாள். "இவரை நம்பி எதையும் குடுத்துடாதீங்க."

எல்லாம் போயிற்று என்று கதவுப் பிடியில் கையை வைத்தேன்.

"என் பேர்ல எழுதிக் குடுங்க" என்றாள்.

பின்னால் அங்கிள் கனைத்துக்கொண்டார். அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு சீட்டுக்கும் நடுவில் தலையை நீட்டி, "உனக்கு லைசென்ஸ் இருக்கா?" என்றாள்.

"இல்லக்கா."

"அப்ப யாரு ஓட்டுறது?"

"அவரு ஓட்டட்டும்."

அக்கா இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அங்கிள் என் தோளுக்கு மேலே சாவியை நீட்டி, "ஒரு ஓட்டம் ஓடிப் பாருங்கோ, பிறகு எழுதுவம்" என்றார். சாவியைப் போட்டுத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது.

நான் என் மனைவி பக்கம் திரும்பி, "எங்க போகணும்?" என்று கேட்டேன்.

அவள் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டினாள். "கேலாங்குக்குப் போங்க. பிள்ளையும் பெட்டியும் அங்கதானே இருக்கு" என்றாள்.